ஏழாம் நாள் உப்பு

எங்கள் வீட்டில் வினிகர் சீக்கிரம் தீர்ந்துவிடும். அந்த வெள்ளிக்கிழமை காலையில் என் கணவன் ஷிஹாத்தா வாசற்படியில் உட்கார்ந்து செருப்பு மாட்டிக்கொண்டே, வினிகர் இருக்கிறதா என்று கேட்டான். போன வாரமே தீர்ந்துபோனது என்றேன்.

"வாங்க வேணாம் விடு. இனிமே சாலட்டுக்கு ஊத்துற அளவு இருந்தாப் போதும்," என்றான்.

பிறகு மோட்டார் சைக்கிளைத் தெருவுக்குத் தள்ளிக்கொண்டு போனான். முதல் உதையிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தம் தெருமுனையைத் தாண்டிப் போவதைக் கேட்டு எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது. ஏன் ஏமாற்றம் என்பதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். அவசரமில்லை, வரிசையாகச் சொல்கிறேன். ஆரம்பப் பள்ளியில் பாடம் எடுப்பவள் நான். பின்னால் வர வேண்டியதை முன்னால் சொன்னால் எனக்கே பிடிக்காது.

எங்கள் ஊர் புருல்லுஸுக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஏரி. இடையில் மாட்டிக்கொண்ட இரும்பு எதுவானாலும் துருப்பிடிக்கும். ஜன்னல் கம்பி துருப்பிடிக்கும், பூட்டு துருப்பிடிக்கும், சட்டைப் பையில் மறந்துவிட்ட ஆணிகூடத் துருப்பிடிக்கும். அதனால் ஒருவருடைய பெட்ரோல் டேங்க் உள்ளுக்குள் துருப்பிடித்தால் இங்கே யாரும் காரணம் தேடுவதில்லை. இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஷிஹாத்தா வீடு வீடாக நடந்தே போய் மின்சார மீட்டர் பார்த்து எழுதுகிறவன். ஊரில் இருக்கும் எல்லாப் பெண்களுடைய சமையல் வாசனையும் அவனுக்குத் தெரியும். என் சமையலைச் சாப்பிடும்போது மட்டும் பேச்சே இருக்காது. வெள்ளிக்கிழமை அவனுக்கும் விடுமுறை, எனக்கும் விடுமுறை. தொழுகை முடிந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு பக்கத்து ஊரான பல்தீமில் இருக்கும் சிநேகிதர்களைப் பார்க்கப் போய்விடுவான். இருட்டிய பிறகு ஹூக்கா வாசனையோடு வருவான். கெட்ட பழக்கம் ஒன்றும் கிடையாது. டோமினோ ஆடுவான், தோற்பான், அவ்வளவுதான்.

எங்களுக்குக் குழந்தை இல்லை. வருத்தப்பட்டுக்கொண்டு சொல்லவில்லை, தெரிந்திருக்கட்டும் என்று சொல்கிறேன். மற்ற நாட்களில் பள்ளியில் ஒரு வகுப்பு நிறையப் பிள்ளைகள் என் காதைத் தின்றுவிடுவார்கள். வெள்ளிக்கிழமை மட்டும் அந்தச் சத்தமெல்லாம் மற்றவர்கள் வீட்டில் இருந்து வரும். அவ்வளவுதான் என் குறை. இதற்காக யாரையும் யாரும் எதுவும் செய்ய மாட்டார்கள் என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

முதல் முறை தானாக நடந்தது. ஒரு வெள்ளிக்கிழமை வண்டி கிளம்ப மறுத்தது. அடுத்த தெருவில் வண்டிப் பட்டறை வைத்திருக்கும், எல்லாரும் 'உஸ்தா' என்று மரியாதையாகக் கூப்பிடும் துல்பாவை ஷிஹாத்தா கூட்டிவந்தான். துல்பா பெட்ரோல் குழாயைக் கழற்றி உள்ளங்கையில் தட்டினார். செம்மண் பொடிபோல் கொட்டியது.

"மீட்டர் பாக்குற ஆளு, உன் டேங்குக்குள்ள எட்டிப் பாத்திருக்கியா? செங்கச் சூளையே வெச்சிருக்க."

"பெட்ரோல் போடத் தொறப்பேன், மூடுவேன். உள்ள எதுக்குப் பாக்கணும்?"

"பொண்டாட்டி மனசையும் இப்பிடித்தான் பாத்துக்கறியா?" என்றார் துல்பா. பிறகு நான் நிற்பதைப் பார்த்துவிட்டு, "மன்னிச்சுக்கங்க, ஸித்த் இன்ஷிராஹ்," என்றார். இன்ஷிராஹ் என் பெயர், ஸித்த் என்பது பெண்களுக்குச் சொல்லும் மரியாதைச் சொல்.

துல்பா சொன்ன வைத்தியம் எளிது. டேங்கைக் கழற்றி, பெட்ரோலை வடித்து, அடியில் உள்ள துளையைத் துணி வைத்து அடைக்க வேண்டும். வினிகரை ஊற்ற வேண்டும். பழைய சைக்கிள் சங்கிலி ஒரு துண்டை உள்ளே விட வேண்டும். சிலர் போல்ட்டு நட்டுகளைப் போட்டுக் குலுக்குவார்கள். அது பிசகு, ஒன்றிரண்டு உள்ளேயே தங்கிவிடும். சங்கிலி என்றால் நுனியைப் பிடித்து ஒரே இழுப்பில் வெளியே எடுத்துவிடலாம். மூடியை இறுக்கி, நன்றாகக் குலுக்கி, ஊறவிட்டு, மறுபடி குலுக்கி, வடித்து, சமையல் சோடா கரைத்த தண்ணீரால் கழுவி, வெயிலில் வாயைத் திறந்து காயவைக்க வேண்டும். முழுதாக ஒரு நாள் வேலை.

முழுதாக ஒரு நாள்.

ஷிஹாத்தா முற்றத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தான். பெயின்ட் உரசக்கூடாதென்று டேங்கைப் பழைய கம்பளியில் சுற்றி மடியில் போட்டுக்கொண்டான். இப்படியும் அப்படியும் ஆட்டினான். உள்ளே சங்கிலி கலகலத்தது. பக்கத்து வீட்டு நபவிய்யா சுவருக்கு மேல் தலையை நீட்டினாள்.

"ஏன்டி இன்ஷிராஹ், பெத்துட்டியா? ஒரு வார்த்த சொல்லலியே."

"ஆம்பளப் புள்ள," என்றான் ஷிஹாத்தா. "சத்தத்தக் கேளு, நெஞ்சுச் சளி."

"அப்பன் ஜாடைதான். தலை காலியா இருக்கு."

மாலைக்குள் விஷயம் தெரு முழுக்கப் பரவிவிட்டது. எங்கள் பக்கத்தில் குழந்தை பிறந்த ஏழாம் நாளில் ஒரு கொண்டாட்டம் உண்டு. பிள்ளையைச் சல்லடையில் படுக்கவைத்து மெல்ல ஆட்டுவார்கள். காது பழகட்டும் என்று பக்கத்தில் பித்தளை உரலை இடிப்பார்கள். தாய் பிள்ளையை ஏழு தடவை தாண்ட வேண்டும். கண்ணேறு படாமலிருக்கக் கல்லுப்பைத் தூவுவார்கள். நபவிய்யா சல்லடையையும் உரலையும் உப்பையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். பின்னாலேயே தெருப் பெண்கள், கையில் மெழுகுவர்த்தியோடு அவர்கள் பிள்ளைகள்.

"ஏழு நாள் யாரு காத்திருக்கறது, இத்தனை வருஷம் காத்திருந்தது போதும்," என்று சொல்லி, காய்ந்துகொண்டிருந்த டேங்கைத் தூக்கிச் சல்லடையில் வைத்தாள். உரலை இடித்தாள். வழக்கமாகப் பிள்ளையின் காதில் சொல்வதை டேங்கின் திறந்த வாயருகே குனிந்து சொன்னாள்: "அம்மா பேச்சக் கேளு. அப்பா பேச்சக் கேக்காத."

"இது அநியாயம்," என்றான் ஷிஹாத்தா. "பெட்ரோல் ஊத்தி வளக்கிறவன் நான்."

நான் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு டேங்கை ஏழு தடவை தாண்டினேன். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. பெண்கள் உப்பை வாரி வாரி இறைத்தார்கள். எங்கள் ஊரில் பிள்ளை பெற்றவர்களை மூத்த பிள்ளையின் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், இன்னாருடைய அப்பா, இன்னாருடைய அம்மா என்று. அன்றிலிருந்து ஷிஹாத்தா அபூ டேங்க் ஆனான், நான் உம்மு டேங்க் ஆனேன். கேலிதான். ஆனால் மீன் வாங்கப் போகும்போது பின்னால் இருந்து ஒருத்தி "உம்மு டேங்க்" என்று கூப்பிட்டால் நான் உடனே திரும்புவேன். என்னை அதுவரை யாரும் எதற்கும் அம்மா என்று கூப்பிட்டதில்லை.

எல்லாரும் போன பிறகு நாங்கள் இருவரும் முற்றத்தில் மீன்சோறு சாப்பிட்டோம். ஷிஹாத்தா என் மடியில் கால்களைப் போட்டுக்கொண்டு தூங்கினான். அவன் கால்விரல்களில் பெருவிரலைவிட அடுத்த விரல் நீளம் என்பதை அன்றுதான் கவனித்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை வண்டி தெருமுனையில் நின்றுவிட்டது. துல்பா டேங்குக்குள் விளக்கடித்துப் பார்த்து, விரலை விட்டுத் துழாவி, நாக்கில் வைத்துக்கொண்டு துப்பினார்.

"உப்பு. தொறந்த வாயில உப்பத் தூவியிருக்கீங்க. புள்ளைக்குத்தான்மா கண்ணேறு கழிப்பாங்க. டேங்குக்குக் கண்ணு படலாம், உப்பு படக்கூடாது. ஈரத்தோட உப்புச் சேந்தா ஒரு ராத்திரிலயே துரு பூத்துரும்."

ஷிஹாத்தா மறுபடி முற்றத்தில் உட்கார்ந்தான். நான் மறுபடி மீன்சோறு ஆக்கினேன். துல்பா சொன்னதை என் வகுப்பில் நல்ல மாணவி ஒருத்தி கேட்டுக்கொள்வதுபோல் கேட்டு வைத்துக்கொண்டேன்.

பெட்ரோல் மூடியின் சாவி வீட்டுச் சாவியோடு ஒரே ஆணியில் தொங்கும். வியாழக்கிழமை மாலையில் ஷிஹாத்தா நெடுநேரம் குளிப்பான், பாட்டும் பாடுவான். டீ குடிக்கிற சின்னக் கண்ணாடி டம்ளரில் பாதி தண்ணீர், அதில் ஒரு தேக்கரண்டி உப்பு. பாட்டு இரண்டாவது அடிக்குப் போவதற்குள் வேலை முடிந்துவிடும். மறுநாள் வண்டி தெருமுனையிலோ பள்ளிவாசல் வாசலிலோ முனகிக்கொண்டு நிற்கும். அதைத் தள்ளிக்கொண்டு திட்டியபடியே வருவான். நான் கதவைத் திறந்து வைத்திருப்பேன்.

எல்லா வாரமும் செய்யவில்லை. நான் பேராசைக்காரி கிடையாது. பெருநாள் வந்தால் விட்டுவிடுவேன். அவன் தாயார் படுத்த படுக்கையாக இருந்தபோது அவர் அடக்கம் ஆகும்வரை தொடவே இல்லை. உப்பையும் கரைத்து, துணியில் வடிகட்டித்தான் ஊற்றினேன். உப்புக்கல் அடியில் தங்கி அவன் கண்ணில் பட்டால் வீண் மனவருத்தம்.

ஷிஹாத்தா குற்றத்தைப் பெட்ரோல் பங்கின் மேல் போட்டான். பெட்ரோலில் தண்ணீர் கலக்கிறார்கள் என்று முடிவுகட்டினான். அங்கே பெட்ரோல் ஊற்றுகிறவன் மஹ்ரூஸ், ஒல்லியான ஆள், எப்போதும் மன்னிப்புக் கேட்பதுபோல் நிற்பான். ஒரு நாள் பங்கில் வைத்து ஷிஹாத்தா அவன் சட்டையைப் பிடித்துவிட்டான்.

"குர்ஆன் மேல சத்தியமா நான் கலக்கல, அபூ டேங்க்," என்றானாம் மஹ்ரூஸ்.

அந்தப் பெயரைக் கேட்டுச் சுற்றியிருந்தவர்கள் சிரித்ததில் சண்டை கலைந்துவிட்டது. ஆனால் பங்கு முதலாளிக்குக் கெட்ட பெயர் பிடிக்கவில்லை. மஹ்ரூஸைக் கொஞ்ச நாள் வேலையை விட்டு நிறுத்திவைத்தார். நான் அவன் மனைவிக்கு ஒரு சட்டி நிறைய மீன்சோறு கொடுத்தனுப்பினேன். அண்டை அயலுக்கு ஒரு கஷ்டம் என்றால் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க எனக்கு வராது.

துல்பாவுக்குச் சந்தேகம் வரவில்லையா என்று கேட்பீர்கள். துல்பா முட்டாள் கிடையாது. நல்லவர். அதுவும் எனக்கு உதவியாகத்தான் இருந்தது. அவர் டேங்கை முகர்ந்து பார்ப்பார், கடல் பக்கம் பார்ப்பார், தலையை ஆட்டுவார். ஒரு புதன்கிழமை ஒரு டப்பாவோடு வந்தார்.

"இத உள்ள ஊத்தி நாலாப் பக்கமும் உருட்டுனா பிளாஸ்டிக் மாதிரி ஒரு தோல் புடிச்சுக்கும். அப்புறம் கடலையே உள்ள ஊத்துனாலும் துருப்பிடிக்காது."

"எத்தன நாளைக்கு உஸ்தா?" என்று ஷிஹாத்தா கேட்டான்.

"உன் ஆயுசுக்கும் தாங்கும்."

பூச்சு காயும்வரை இருவரும் அதை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே கிண்ணம்போல் வழுவழுவென்று இருந்தது. நபவிய்யாகூடச் சுவருக்கு மேலிருந்து, "புள்ளைக்குச் சுன்னத்து முடிஞ்சுதா?" என்று விசாரித்தாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்குத் தெரிந்ததெல்லாம், இனிமேல் வெள்ளிக்கிழமைகள் பல்தீமுக்குப் போய்விடும் என்பதுதான்.

துரு கிடையாது என்றால் தண்ணீர் மட்டும்தான் வேலை செய்தாக வேண்டும். அதற்கு அரை டம்ளர் போதாது என்று கணக்குப் போட்டேன். மறுநாள் மாலை அவன் பாடிக்கொண்டிருந்தபோது இரண்டு டம்ளர் முழுதாக ஊற்றினேன். வழக்கத்தினால் உப்பும் போட்டேன். அவசியமே இருக்கவில்லை.

இந்த இடத்தில் நான் செய்தது ஒரு தவறு, அதை ஒப்புக்கொள்கிறேன். பழைய டேங்கில் துருத் தூள் உடனே போய்க் குழாயை அடைக்கும், வண்டி தெருவிலேயே நிற்கும். வழுவழுப்பான டேங்கில் தண்ணீர் அப்படிச் செய்வதில்லை. பெட்ரோலுக்கு அடியில் சத்தமில்லாமல் ஒரு மூலையில் கிடக்கும். வண்டி மேட்டில் ஏறும்போதுதான் பின்பக்கம் சரிந்து, குழாய் இருக்கும் இடத்தில் வந்து சேரும். எங்கள் ஊரில் மேடு என்று இருப்பது ஒன்றே ஒன்று. கடலோர நெடுஞ்சாலையில் ஏறுகிற சரிவு.

அந்த ஏற்றத்தின் உச்சியில், சாலையின் நடுவில், எஞ்சின் நின்றது. மீன்தீவனம் ஏற்றிய லாரி வந்துகொண்டிருந்தது. லாரிக்காரர் மேல் எந்தத் தவறும் இல்லை. பாவம், அவர் எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து குழந்தைபோல் அழுதார். அவருக்கு நான்தான் தண்ணீர் கொடுத்தேன்.

போக்குவரத்து அதிகாரி இளைஞர். என்னிடம் மரியாதையாகப் பேசினார்.

"வண்டியில ஏதாவது கோளாறு இருந்துச்சாம்மா?"

"பெட்ரோல்ல தண்ணி இருந்திருக்கும்," என்றேன்.

"முன்னாடியும் இப்பிடி ஆயிருக்கா?"

"அடிக்கடி ஆயிருக்கு. தெருவுல யாரை வேணும்னாலும் கேளுங்க."

கேட்டார். எல்லாரும் அதையே சொன்னார்கள். டேங்கிலிருந்து வடித்த தண்ணீரையும் பார்த்தார். நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். அந்தத் தண்ணீர் எப்படி உள்ளே போனது என்று என்னிடம் யாருமே கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ. பங்கை மூடினார்கள். மஹ்ரூஸைச் சிறையில் போட்டார்கள்.

துக்கம் விசாரிக்க வந்தவர்களில் மூன்றாம் நாள் ஒரு பஞ்சுக்காரர் வந்தார். நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் மெத்தை தைக்கிறவர். அக்குளில் பச்சைத் துணியில் தைத்த ஒரு சின்னத் திண்டு. கொடுக்கலாமா கூடாதா என்று தயங்கித் தயங்கி நின்றார்.

"இது உங்களுக்குத்தான்மா. பின்சீட்டுக்கு. வியாழக்கிழமை சொல்லிவெச்சாரு, மறுநாள் வந்து எடுத்துட்டுப் போறேன்னாரு."

"எனக்கா?"

"'எம் பொண்டாட்டி ரஷீத் பக்கம் நதி கடல்ல சேர்ற எடத்தப் பாத்ததே இல்ல. நானும் ரொம்ப நாளா நெனைக்கறேன், கூட்டிட்டுப் போலாம்னு பாத்தா வெள்ளிக்கிழமையானா இந்த டேங்கு மடியில ஏறி உக்காந்துக்குது. இப்ப பூச்சு போட்டாச்சு, இனிமே வாராவாரம் அவதான் எம் பின்னாடி'ன்னாரு. எலும்பு வலிக்காத மாதிரி தைக்கச் சொன்னாரு."

நான் தையலைப் பார்த்தேன். நெருக்கமான, நல்ல தையல். அவருக்கு நன்றி சொல்லி, காபி கொடுக்கச் சொன்னேன். அன்றிரவு யோசித்துப் பார்த்தேன். இதில் ஷிஹாத்தாவின் பங்கு கொஞ்சமல்ல. எதையும் கடைசி நேரத்தில் நீட்டி ஆச்சரியப்படுத்த வேண்டும் என்பது அவனுடைய சின்னப்பிள்ளைத்தனம். ஒரே ஒரு வார்த்தை என்னிடம் சொல்லியிருந்தால் நான் அந்த டம்ளர்களைத் தொட்டிருப்பேனா? என்னிடம் மறைத்தது அவன் தவறு. அதற்காக அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்தத் திண்டை முற்றத்தில் போட்டு உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். உண்மையிலேயே எலும்பு வலிக்கவில்லை.

மஹ்ரூஸ் வெளியே வந்துவிட்டான். வந்த அன்றே என் வீட்டு வாசலுக்கு வந்து, தலை குனிந்து நின்றான்.

"நான் கலக்கலம்மா. ஆனா உங்க மனசு என்ன பாடுபட்டிருக்கும்னு தெரியும். ஷிஹாத்தாவுக்காகத் தெனமும் துஆ செய்றேன்."

நான் அவனை மன்னித்துவிட்டேன். அவன் அழுதான். இப்போது தெருவில் என்னைக் கண்டால் கையை நெஞ்சில் வைத்து வணங்கிவிட்டுத்தான் போவான். அவன் வீட்டுக்குப் பெருநாள் தவறாமல் மீன்சோறு அனுப்புகிறேன்.

வண்டியைத் துல்பா வாங்கிக்கொண்டார். அவருக்கும் மனைவி தவறி வெகுகாலம் ஆகிறது. டேங்கில் விழுந்த ஒடுக்கை நெருப்புக் காட்டி நிமிர்த்தியதில் உள்ளே இருந்த பூச்சு உரிந்து போய்விட்டது. ஷிஹாத்தாவின் சிநேகிதர் என்ற முறையில் எனக்கு ரொட்டி, காய்கறி கொண்டுவந்து கொடுப்பார். முதலில் வாசலில் நின்றபடியே கொடுத்துவிட்டுப் போய்விடுவார். இப்போதெல்லாம் வியாழக்கிழமை மாலையில் வந்தால், தொழுகைக்கு நேரமாகிவிட்டதென்று வண்டியை என் முற்றத்திலேயே விட்டுவிட்டு, சாவியையும் அதிலேயே விட்டுவிட்டுப் பள்ளிவாசலுக்கு நடந்து போவார். தொழுதுவிட்டு வந்து எடுத்துக்கொள்வார். நம்பிக்கையான மனிதர்.

மறுநாள் வண்டி பள்ளிவாசலருகே நின்றுவிடும். தள்ளிக்கொண்டு இங்கேதான் வருவார், பட்டறையைவிட என் வீடுதான் பக்கம். கம்பளி இங்கேதான் இருக்கிறது, சங்கிலித் துண்டும் இங்கேதான் தொங்குகிறது. முற்றத்தில் உட்கார்ந்து டேங்கை மடியில் வைத்து ஆட்டுவார். நபவிய்யா சுவருக்கு மேலிருந்து பார்ப்பாள். இப்போது கேலி செய்வதில்லை, புன்னகை மட்டும் செய்கிறாள்.

"என்ன கடலோ, என்ன காத்தோ தெரியல, ஸித்த் இன்ஷிராஹ்," என்றார் துல்பா போன வாரம். "அடுத்த புதன் மறுபடி பூச்சு போட்டுரலாம்னு இருக்கேன். அவனுக்குப் போட்ட அதே மருந்துதான்."

"போடுங்க உஸ்தா," என்றேன்.

எனக்குப் பயமில்லை. பூச்சுப் போட்ட டேங்கில் தண்ணீர் எப்படி நடந்துகொள்ளும் என்று அப்போது தெரியாது, இப்போது தெரியும். அளவைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டால் சரியாகிவிடும். நெடுஞ்சாலைப் பக்கம் போக வேண்டாம் என்று அவரிடம் ஒரு வார்த்தை சொல்லி வைக்கிறேன். நான் யாருக்கும் கெடுதல் நினைப்பவள் இல்லை, தெருவில் யாரை வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம்.

அன்றைக்கு மாலை துல்பா கைகழுவும்போது, வினிகர் இருக்கிறதா, மறுபடி ஊற்ற வேண்டும் என்று கேட்டார். தீர்ந்துபோனது என்றேன். எங்கள் வீட்டில் அது இப்போதும் சீக்கிரம்தான் தீர்ந்துபோகிறது.